பிந்திக் கேட்ட விசில்

தமயந்தி பதினாறு வருடமாக ஊமைப் படங்களைப் பேச வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்காக மேடையேறிப் பொன்னாடை வாங்கியிருக்கிறாள், செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது, நீதிமன்ற வாசலில் சாபமும் வாங்கியிருக்கிறாள். மூன்றையும் ஒரே மாதிரி முகத்தோடு வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தின் கருவிக்குக் கட்செவி என்று பெயர். பழைய தமிழில் பாம்புக்கு அந்தப் பெயர். கண்ணாலேயே கேட்கிற பிராணி என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பாம்பு கேட்டதோ இல்லையோ, இந்தக் கருவி நிஜமாகவே கண்ணால் கேட்டது. நாம் பேசினால் காற்று அதிர்கிறது. காற்று அதிர்ந்தால் பக்கத்தில் கிடக்கிற காகிதமும் செடியின் இலையும் மிக்சர் பொட்டலமும் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அசைவு நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொருளின்மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் அது இருக்கும். முக்குக்கு முக்கு மாட்டியிருக்கும் கேமராக்கள் நொடிக்கு எட்டாயிரம் படம் பிடிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வெளிச்சத்தைப் படித்து, பொருளை ஆட்டிய சத்தத்தைத் திருப்பி எடுப்பது வெறும் கணக்காகிவிட்டது.

கட்செவி வந்த புதிதில் ஊரே ஆடிப்போனது. கட்சிக்காரர்கள் காலி அறையில் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணத் தரகர்கள் பலகாரத் தட்டை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். விவாகரத்து வழக்கு ஒன்றில் ஜன்னல் ஓரத்து மணிபிளாண்ட் இலை ஒன்று மாமியாரைக் காட்டிக்கொடுத்தது. நாளடைவில் ஜனங்களுக்கு அது பழகிப்போனது. நீதிமன்றங்களுக்கு அதைவிட நன்றாகப் பழகியது. சாட்சி பிறழ்வான், கட்செவி பிறழாது என்று வக்கீல்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் பதினான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கேமரா என்ன வகை, துடித்த பொருள் என்ன, கேமராவுக்கும் அந்தப் பொருளுக்கும் எத்தனை மீட்டர், இப்படிப் போகும். பதினோராவது கட்டம், சத்தம் பிறந்த இடத்திலிருந்து துடித்த பொருள் எத்தனை தூரம் என்று கேட்கும். வருகிற வழக்கெல்லாம் அநேகமாக அறைக்குள் நடந்தவை. கடை, ஆபீஸ், படுக்கையறை, காவல் நிலையம். அறைக்குள் சத்தம் நான்கு மீட்டர் போக நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். அதைப் போய் யார் அளந்துகொண்டிருப்பது? எல்லாரும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்து வந்த பழக்கம்தான். கோடு போட்டால் தூரம் பூஜ்யம் என்று கட்செவி எடுத்துக்கொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தமயந்தியிடம் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் வழக்கு வந்தது. மாவட்டப் போட்டி ஒன்றில் பார்வையாளர் மேடை சரிந்து பலருக்குக் காலொடிந்தது. சரிவதற்கு முன்னால் சாரம் முறியும் சத்தம் எப்போது கேட்டது என்று போலீஸ் அறிய விரும்பியது. எல்லைக்கோட்டில் கட்டியிருந்த விளம்பர பேனரைக் கட்செவிக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். படத்தில் மட்டையில் பந்து படுகிறது, ஆனால் 'டக்' என்ற சத்தம் பிந்தி வருகிறது. ஒவ்வொரு பந்துக்கும் அதே கதை.

ஆய்வகத் தலைவர் கிருபாகரன் கையில் டீயோடு அந்தப் பக்கம் வந்தார். நல்ல மனிதர், படித்தவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர்.

"சார், இதப் பாருங்க. சத்தம் லேட்டா வருது. கருவியில ஏதோ கோளாறு."

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோளாறெல்லாம் இல்லம்மா. மட்டை நடு மைதானத்துல, பேனர் ஓரத்துல. எழுபது மீட்டர் இருக்கும். வெளிச்சம் கண் சிமிட்டுறதுக்குள்ள வந்துடும், சத்தம் நடந்துதான் வரும். ஆறாங்கிளாஸ் பாடம். பதினோராவது கட்டத்துல என்ன போட்டீங்க?"

"கோடு."

"கோடு!" அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். "இத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு. போங்க, தூரத்தைப் போட்டு மறுபடி ஓட்டுங்க."

தமயந்தியும் சிரித்தாள். எழுபது என்று போட்டு ஓட்டினாள். சத்தம் மட்டையில் பந்து படுகிற நொடியிலேயே போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் அவளுக்கு இன்னொரு படிவம் நினைவுக்கு வந்தது. சிலம்பாறைப்பட்டிக் கல்குவாரி வழக்கு. கிருபாகரன் அவர் அறைக்குப் போனதும் பழைய கோப்புகளில் அதைத் தேடி எடுத்தாள்.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய வழக்கு. மேலூர்ப் பக்கத்தில் சிலம்பாறைப்பட்டி என்று ஒரு ஊர், அதன் ஓரத்தில் பெரிய குவாரி. கிழக்கே லாரி எடைமேடையும் ஒரு டீக்கடையும். நடுவில் பாறைப் பள்ளம். மேற்கே ஒரு மேடு, அதன் வழியாக வண்டிப்பாதை. வெடி வைக்கும் நாளில் வெடி மேஸ்திரி கிழக்குப் பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து "வேட்டேய்" என்று மூன்று முறை கூவிவிட்டுச் சாவியைத் திருப்புவார். மேற்கு மேட்டில் ஒரு காவல்காரர் நிற்பார். பள்ளத்துக்குள் ஆள் தெரிந்தால் அவர் மூச்சு முட்ட ஒரே நெடுவிசில் ஊத வேண்டும். அந்த விசில் கேட்டால் மேஸ்திரி சாவியைப் பிடுங்கிவிட வேண்டும். குவாரி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் நடைமுறை. வாக்கிடாக்கி வாங்கித் தருவதாக முதலாளி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் காவல் நின்றவர் நல்லமுத்து. பள்ளத்துக்குள் மறந்து வைத்த செல்போனை எடுக்கத் திரும்ப இறங்கியவன் மணிவேல், துளை போடும் தொழிலாளி. நல்லமுத்துவின் ஒரே மகளும் அந்த டீக்கடையை நடத்தியவளுமான சிவரஞ்சனியைக் கட்டியவன். வெடித்தது. மணிவேல் செத்துப்போனான்.

விசில் ஊதினேன் என்றார் நல்லமுத்து. வெடிக்கு முன்னால் எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை என்றார் மேஸ்திரி. அப்பா ஊதினார், முதலில் விசில், அப்புறம்தான் வெடி, நான் என் காதால் கேட்டேன் என்று கூண்டில் நின்று சொன்னாள் சிவரஞ்சனி. எடைமேடைக் கேமராவின் படத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி வக்கீலைக் கெஞ்சியதும் அவள்தான். புருஷனை இழந்த பெண்ணே அப்பனுக்காகப் பேசுகிறாள் என்று நீதிமன்றத்தில் இருந்தவர்களெல்லாம் இரக்கப்பட்டார்கள்.

படத்தில் டீக்கடை முன்னால் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. தமயந்தி அந்தச் சரத்தை வைத்து விசிலையும் வெடியையும் பிரித்து எடுத்தாள். சுத்தமான வேலை. இடி மாதிரி வெடிச்சத்தம், அதன் வாலில் நூல் மாதிரி விசில். வெடித்துப் பத்தில் நான்கு பங்கு நொடி கழித்துத்தான் விசில் தொடங்குகிறது. 'முன்னாடியா, பின்னாடியா?' என்று நீதிபதி கேட்டார். 'பின்னாடி' என்றாள். பின்னால் கூண்டிலிருந்து நல்லமுத்து, "நான் ஊதுனேன்மா, மொதல்லயே ஊதுனேன்மா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றவாளிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

காவலில் தூங்கிவிட்டு, வெடித்தபின் தப்பித்துக்கொள்ள விசில் ஊதி நாடகமாடினார் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. ஐந்து வருடம்.

தமயந்தி அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தாள். பதினோராவது கட்டத்தில் கோடு. அவளுடைய கையெழுத்து. கிராமத்து வரைபடத்தை எடுத்து வைத்து அளந்தாள். டீக்கடையிலிருந்து மேற்கு மேடு அறுநூறு மீட்டர். வெடித்த இடம் இருநூற்றிருபது. வைகாசி வெயிலில் சத்தம் நொடிக்கு முந்நூற்றைம்பது மீட்டர் சொச்சம் போகும். வெடி டீக்கடைக்கு வந்து சேர அரை நொடிக்கு மேல் கொஞ்சம் ஆகும். விசிலோ மேட்டிலிருந்து வந்து சேர ஒன்றே முக்கால் நொடி எடுத்துக்கொள்ளும். இரண்டு தூரங்களையும் கொடுத்து ஓட்டினாள். விசில் முன்னே போய் நின்றது. வெடிக்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக முன்னால் நல்லமுத்து ஊதியிருக்கிறார்.

நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள். நாலு தடவையும் அதேதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கையைக் கழுவ வேண்டும் போல மட்டும் இருந்தது.

மறுநாள் காலையிலேயே கிருபாகரன் அறைக்குப் போனாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முக்கால் நொடி முன்னாடி ஊதினா என்ன, பின்னாடி ஊதினா என்ன தமயந்தி? மணிவேல் பிழைச்சிருப்பானா? அந்த விசில் மேஸ்திரி காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"பிழைச்சிருக்க மாட்டான் சார். அதத்தான் நானும் சொல்றேன். மேஸ்திரி சொன்னதும் நிஜம், நல்லமுத்து சொன்னதும் நிஜம். யாரும் தப்பு பண்ணல. நாமதான் ஒருத்தர தூங்குமூஞ்சின்னும் பொய்யன்னும் எழுதிக் கொடுத்தோம்."

"நாம இல்ல. தீர்ப்பு எழுதினது கோர்ட்டு."

"நம்ம பேப்பரப் பாத்துத்தான எழுதினாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியில நடந்த வழக்கு இதுவரைக்கும் எத்தனை இருக்கும்?"

"ஒம்போது. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"நாலாயிரம் தீர்ப்புல ஒம்போது. அதக் கிளறினா நாலாயிரமும் ஆடும். பொண்டாட்டியக் கொன்னவனெல்லாம் நாளைக்கே மனுப் போடுவான். அடுத்த வெர்ஷன்ல அந்தக் கட்டத்தைக் காலியா விடவே முடியாதபடி பண்ணிடலாம். சத்தமில்லாம சரியாயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் யோசிங்க. அந்த ஆளு அப்பீல் போட்டிருந்தார் இல்ல? அவரே வாபஸ் வாங்கிட்டார். ஜெயில்லேருந்து கைப்பட எழுதிக் கொடுத்தார், விசில் பிந்தித்தான் ஊதினேன்னு. ஆளே ஒத்துக்கிட்டப்புறம் நமக்கென்ன?"

அது தமயந்திக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் செய்தி வந்த நாளில் அவளுக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூண்டிலிருந்து கேட்ட அந்தக் குரல் அன்றைக்குத்தான் அவளை விட்டது. இப்போது அதே கடிதம் உறுத்தியது. முன்னாலேயே ஊதிய மனிதன், பிந்தி ஊதினேன் என்று ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? அடித்து வாங்கினார்களா? அப்பீலுக்கு அலைய ஆள் இல்லாமல் வெறுத்துப்போய் எழுதினாரா?

"அவரப் போய்ப் பாக்கப் போறேன் சார்."

"போங்க. ஆனா எதுவும் எழுத்துல கொடுத்துடாதீங்க," என்றார் கிருபாகரன்.

சிறை அலுவலகத்துக்கு போன் செய்தபோது, நல்லமுத்து பதினோரு மாதத்துக்கு முன்னால் சிறை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். கல்தூசி நுரையீரலில் அடைந்துபோயிருந்ததாம். போனில் பேசியவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்குத் தினமும் சொல்கிற விஷயம். தமயந்தி நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஓய்வறைக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். அவர் உயிரோடு இருந்தால் காலில் விழுவதா, எதிரே உட்கார்ந்து பேசுவதா என்று முந்திய நாள் முழுக்க யோசித்திருந்தாள். அந்தச் சிரமத்தையும் அவர் வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலூரில் இறங்கினாள். சிவரஞ்சனி டீக்கடையை விட்டுவிட்டு டவுனுக்கே வந்து மாவு அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஒரு சின்ன அறை, மூன்று கிரைண்டர், வாசலில் பெயர் எழுதிய தூக்குச்சட்டிகள் வரிசையாக. மூன்று கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒல்லியான பெண் ஒருத்தி மாவை வழித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

நிமிர்ந்தவள் தமயந்தியை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஒவ்வொரு கிரைண்டராக மூன்றையும் நிறுத்தினாள். கையைக் கழுவிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோர்ட்டுக்கு வந்த மேடம்தான? உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

திட்டியிருந்தால் தமயந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்தேன்மா. உங்க அப்பா கேஸ்ல என் ரிப்போர்ட்டு தப்பு."

சிவரஞ்சனி கை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உங்க அப்பா விசில் ஊதினது முதல்லதான். வெடிக்கு முன்னாடி. நான் ஒரு கணக்க விட்டுட்டேன்."

"புரியல மேடம்."

தமயந்தி பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மாவு டின்னின் மூடிமேல் விரித்தாள். "இது உங்க டீக்கடை. வெடிச்ச எடம் இங்க, பக்கம். உங்க அப்பா நின்னது இந்த மேட்டுல, தூரம். வெடிச்சத்தம் பக்கத்துலேருந்து வந்துச்சு, அதனால சீக்கிரம் வந்துருச்சு. விசில் தூரத்துலேருந்து வரணும். முன்னாடியே கிளம்பியும் பின்னாடிதான் வந்து சேந்துச்சு. சத்தம் எங்க கிளம்புச்சுன்னு நான் பாக்கல. வந்து சேந்த நேரத்த மட்டும் பாத்துட்டுப் பின்னாடின்னு சொல்லிட்டேன்."

சிவரஞ்சனி அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை டீக்கடையில் வைத்தாள். அங்கிருந்து மேட்டுக்கு மெதுவாக நகர்த்தினாள்.

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சம்மட்டி போடுறவக இருப்பாக," என்றாள். "கடையில நின்னு பாத்தா, சம்மட்டி கல்லுல விழுந்து மறுபடி மேல போனப்பறந்தான் சத்தம் கேக்கும். ஆறு வருசம் தெனமும் பாத்துருக்கேன். எங்க வீட்டுக்காரரு கூட, 'அங்க பாரு புள்ள, ஆகாசத்துல அடிக்கிறான், கல்லு ஒடையுது'ன்னு சொல்லிச் சிரிப்பாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. "அது தெரிஞ்ச எனக்கு இது தெரியாமப் போச்சே."

"தெரிஞ்சிருக்க வேண்டியது நான்மா. அதுதான் என் படிப்பு."

"உங்களச் சொல்லல."

வாசலில் ஒரு பெண் வந்து சட்டியை எடுக்கக் குனிந்தாள். "இன்னும் ஆகலக்கா, சாயங்காலம் வாங்க" என்று சிவரஞ்சனி அனுப்பிவிட்டாள். பிறகு கடைக் கதவைப் பாதி சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றாள் தமயந்தி. "உங்க அப்பா அப்பீல வாபஸ் வாங்கினாரே, பிந்தித்தான் ஊதினேன்னு எழுதிக் கொடுத்து. அது எதனால? யாராவது மிரட்டினாங்களா?"

சிவரஞ்சனி மடக்கி வைத்திருந்த சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுல நான் சொன்னது பொய் மேடம்."

"எது?"

"மொதல்ல விசில் கேட்டுச்சுன்னு சொன்னது. எனக்கு அப்படிக் கேக்கல. நான் கடையில டீ ஆத்திக்கிட்டு இருந்தேன். டமார்னு கேட்டுச்சு. அது அடங்கல, அதுக்குள்ள விசிலு. என் காதால கேட்டேன். வெடி, அப்பறம் விசிலு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருன்னு தெரியும். அதான் கூண்டுல மாத்திச் சொன்னேன். உங்க மிஷின்ல போட்டுப் பாக்கச் சொன்னதும் அதுக்குத்தான். என் காதுதான் தப்பு, வெடிச்ச பதட்டத்துல எனக்கு மாறிக் கேட்டுருச்சுன்னு அந்த மிஷின் சொல்லீரும்னு நெனச்சேன். நீங்க வந்து, பின்னாடின்னு சொன்னீக. எனக்குக் கேட்ட மாதிரியே சொன்னீக."

தமயந்தி வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"அதுக்கப்பறம் ஒரே ஒருக்காத்தான் ஜெயிலுக்குப் போயி அவரப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னாரு. என்னப் பாத்ததும் சிரிச்சாரு. 'அப்பீலு போட்ருக்காக தாயி, வெளிய வந்துருவேன்'னாரு. நான் சொன்னேன், 'அப்பா, கோர்ட்டுல உனக்காகப் பொய் சொல்லிட்டேன். நெசத்துல எனக்குக் கேட்டது வெடிக்குப் பின்னாடிதாம்ப்பா. மிஷினும் அதத்தான் சொல்லுது. நீ தூங்கிட்டியா?'ன்னு கேட்டேன்." அவள் நிறுத்தினாள். "அவரு என்னையே பாத்தாரு. 'நீயே கேட்டியா தாயி?'ன்னாரு. 'ஆமாப்பா'ன்னேன். 'அப்ப நாந்தான் பிந்தி ஊதியிருக்கேன் போல. எனக்குத்தான் மாறிப்போச்சு'ன்னாரு. அந்த வாரந்தான் எழுதிக் குடுத்தாரு."

"அதுக்கப்புறம் போகலையா?"

"போகல. மாப்பிள்ளையக் கொன்னுட்டு நாடகம் போட்டாருன்னு நெனச்சுட்டேன். லெட்டரு வந்துச்சு, பிரிக்கல. ஆஸ்பத்திரியில கெடக்காருன்னு ஆளு வந்து சொன்னாக, போகல. செத்தப்பறம் எடுத்துப் போடத்தான் போனேன்."

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தமயந்தி எழுந்து போய் அவள் பக்கத்தில் அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. தொடவில்லை. ஆறுதல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. மூன்று வருடம் தன்னைத் தூங்க வைத்த கடிதம் எப்படி எழுதப்பட்டது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரு மனிதன் தன் மூச்சை நம்பாமல் மகளின் காதை நம்பியிருக்கிறான். மகள் தன் காதை நம்பியதற்கு மேலே முத்திரை குத்தியது தமயந்தியின் ரிப்போர்ட்.

"உங்க மிஷின் பொய் சொல்லல மேடம்," என்றாள் சிவரஞ்சனி கடைசியில். "எனக்குக் கேட்டதத்தான் அதுவும் சொல்லுச்சு. நாங்க ரெண்டு பேரும் எட்டத்துல நின்னுட்டோம். அவரு நின்ன எடத்துல போயி நின்னு பாக்கணும்னு எனக்கும் தோணல, உங்களுக்கும் தோணல."

தமயந்தி தலையாட்டினாள். அதற்கு மேல் அந்த வழக்கில் யாரும் சொல்ல எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கொஞ்சம் கழித்துப் பையிலிருந்து மனுவை எடுத்தாள். கிருபாகரன் எழுத்தில் கொடுக்காதே என்று சொன்னதை எழுத்தில்தான் கொண்டுவந்திருந்தாள். இறந்தவர் பெயரில் படிந்த பழியை நீக்கச் சொல்லி வாரிசு மனுப் போடலாம் என்று மதுரை வக்கீல் ஒருவர் போனில் சொல்லியிருந்தார். முதல் பத்தியில் தன் பெயர், தன் பதவி, தான் செய்த தவறு, எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் எழுதியிருந்தாள். வேலை போகும் என்று தெரியும். மற்ற எட்டு வீடுகளுக்கும் இதே மாதிரி போக வேண்டியிருக்கும் என்றும் தெரியும்.

"இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா. மகள்னு."

சிவரஞ்சனி மனுவை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல ஒங்க தப்பு மட்டுந்தான் இருக்கு."

"ஆமா."

"ஜெயில்ல நான் சொன்னது இல்லையே?"

"அது வேண்டாம்மா. அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. சட்டப்படி அது தேவையே இல்ல. கோர்ட்டுல பொய் சொன்னீங்கன்னு உங்க மேலயே திரும்பும்."

"திரும்பட்டும். அவரு ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேப்பாகள்ல? தூங்குனாரு, அதான் ஒத்துக்கிட்டாருன்னு மறுபடியும் சொல்லிருவாக." அவள் மனுவைத் திருப்பி நீட்டினாள். "மக சொன்னதால ஒத்துக்கிட்டாருன்னு எழுதுங்க. எழுதுனாத்தான் போடுவேன்."

தமயந்தி பேனாவை எடுத்தாள். முதல் பத்திக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இன்னொருத்தர் தவறை எழுத அவள் இடம் விட்டிருக்கவில்லை. ஓரத்தில், எழுத்தைப் பொடியாக்கி, நெருக்கி எழுதினாள்.